உணவருந்தி வந்தவர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலில் தலையை நுழைத்து, "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைக்கு விடுப்பு என்றால், நாளை வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக அங்கே ரத்தம் எடுப்பவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. ஊசி உள்ளே போகிற நேரத்தில் எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பார். உங்கள் வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா என்பது போல. அந்த ஆள் மனதுக்குள் தன் வீட்டு வாசல்வரை போய்த் திரும்புவதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

நரம்பைத் தேடுவது மோதிர விரலால். சுட்டு விரல் மரத்துவிட்டது, மோதிர விரலுக்குத்தான் இன்னும் காது கேட்கிறது என்பார். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நரம்பை அவர் நம்புவதில்லை. அது நழுவும்.

எடுத்த ரத்தம் பக்கத்து அறைக்குப் போகும். அங்கே குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் நாற்பது வயதுக்காரரை எல்லோரும் ராட்டினம் என்றே கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் சுற்றி நின்றதும், சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். சோதனைகள் எல்லாம் அந்த நீரில்தான். சில குழாய்களில் அது தெளியாது. கஞ்சித் தண்ணீர் போல வெளுத்து நிற்கும். ரத்தத்தில் கொழுப்பு மிதக்கிறது என்று அர்த்தம். கூடத்தில் அதற்குப் பெயர் பால். "அக்கா, இன்னிக்கு ரெண்டு பால்" என்று ராட்டினம் உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

பால் வந்தால் அந்த ரத்தம் உதவாது. இயந்திரங்கள் ஒளியைப் பாய்ச்சி அளப்பவை. கலங்கிய நீரில் அவை என்ன எண் சொன்னாலும் நம்ப முடியாது. ஆளை மறுபடி வரச் சொல்லிச் சீட்டு எழுத வேண்டும். எழுதி எழுதிக் கை ஓய்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்காவே ஒரு ரப்பர் முத்திரை செய்து வாங்கினார். வாசகமும் அவருடையது: 'உணவருந்தி வந்தவர்.' தின்னுட்டு வந்தவர் என்று போட முடியாதே என்றாராம்.

வாசலில் பலகை இருக்கிறது. சோதனைக்கு முன் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். அதைப் படித்துவிட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டியைக் காரிலேயே முடித்துக்கொண்டு வாயைத் துடைத்தபடி வருபவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடிப்பதில் அக்காவுக்குப் பெயர் உண்டு. "ரத்தம் பொய் சொல்லாது" என்பார். நாளொன்றுக்கு இரண்டு முறையாவது சொல்வார்.

அந்த ஓட்டுநர் இரண்டாவது முறை வந்த நாளிலும் அதைத்தான் சொன்னார்.

பேருந்து ஓட்டுபவர் அவர். ஐம்பத்தேழு வயது. ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஓட்டுநர்கள் வருடம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முதல் தடவை பால். ஒரு வாரம் கழித்து மறுபடி பால். அக்கா ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"டிரைவர் சார், போன வாரமும் இதே கதைதான். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"தண்ணி குடிக்கலாம். போர்டுலயே இருக்கு."

"அதையும் குடிக்கலன்னுதான் சொல்றேன்."

"ராத்திரி?"

"பத்தரைக்கு வண்டிய டிப்போவுல விட்டேன். பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டேன். நீங்க ரத்தம் எடுத்தது ஏழேகாலுக்கு. எட்டரை மணி நேரம். எனக்கு டைம் சொல்லித் தராதீங்க. முப்பது வருஷமா டைம் பாத்துத்தான் வண்டியையே எடுக்கறேன்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநரைப் பார்த்தா அக்காவைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"ரத்தம் பொய் சொல்லாது சார்."

"அப்ப நான் சொல்றேங்கறீங்க."

அக்கா மைப் பெட்டியைத் திறந்தார். முத்திரையை ஊதா மையில் அழுத்திச் சீட்டில் குத்தினார். பதில் அதுதான்.

ஓட்டுநர் சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது முறையும் இப்படி ஆனால் அவருடைய கோப்பில் 'பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஸ்டியரிங் கிடையாது. பணிமனையில், பயணிகள் விட்டுப்போன குடைகளையும் செருப்புகளையும் வைத்திருக்கும் அறையில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள்.

"ரத்தம் பொய் சொல்லாது, சரி" என்றார். "நீங்க அத தப்பாப் படிச்சிருந்தா?"

போய்விட்டார். அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஊழியர்களுக்கும் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. மறு வாரம் அக்காவின் முறை. முந்தைய நாள் தம்பி வீட்டில் விருந்து. தம்பி மனைவி எதையும் எண்ணெயில் மிதக்கவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். சாப்பிட்டு எழுந்தபோது மணி பத்து. காலை ஏழு மணிக்குத் தன் கையில் தானே ஊசி போட்டுக் குழாயை உள்ளே கொடுத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தார்.

சுழற்றி முடித்த ராட்டினம் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, உங்க வீட்லயே பால்!"

"வேற யாரோடதாவது இருக்கும்."

"உங்க கையெழுத்துதான் ஒட்டியிருக்கு." ராட்டினம் மேசையிலிருந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அக்காவின் சீட்டுக்கு மேலே பிடித்துக் காட்டினார். "அடிச்சிரட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் சாப்பிடல" என்றார் அக்கா. சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. எத்தனையோ பேர் அந்த ஜன்னலில் நின்று சொன்ன அதே வாக்கியம், அதே இழுவை.

"ரத்தம் பொய் சொல்லாதுக்கா" என்று சொல்லிவிட்டு ராட்டினம் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காவின் முகம் அப்படி இருந்தது.

அன்று மதியம் அக்கா சாமான் அறையில், கையுறைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் முத்திரை. திருப்பிப் பார்த்தார். குத்திக் குத்தி 'வந்தவர்' என்பதில் முதல் எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

அவர் அதுவரை நம்பியது வெறும் பலகையை அல்ல. தன் கண்ணால் பார்த்த ஒன்றை. இருபத்து மூன்று வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, வகுப்பில் இருந்த பதினொரு பேருக்கும் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் க்ரீம் குடிக்கக் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு முறை ஒருவர் கையில் ஒருவர் ரத்தம் எடுத்துக் கொழுப்பை அளந்து, கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தார்கள். கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். எல்லோரிலும் தாழ்வான மலை, சீக்கிரம் தரைக்கு வந்த மலை அக்காவுடையது. மூன்று மணியில் உச்சி, ஆறு மணியில் தரை. கல்லைக் கொடுத்தாலும் எரித்துவிடுவாள் என்று தோழிகள் அவருக்கு அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தாளைச் சான்றிதழ்களோடு பத்திரமாக வைத்திருந்தார். ஆறு மணி நேரம் போதும், எட்டு மணி நேரம் தாராளம் என்பது அன்றைக்கு மனதில் விழுந்தது. பிறகு அதை அவர் எடுத்துப் பார்க்கவேயில்லை.

கையுறைப் பெட்டிமேல் உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தோன்றியது: அந்தப் பதினொரு பேரில் மூத்தவளுக்கு வயது இருபத்தாறு.

மறுநாள் டாக்டரிடம் போனார். கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஞாயித்துக்கிழமை மெஷின் எனக்கு வேணும் டாக்டர். என் ரத்தத்தைப் பாக்கணும்."

"எதுக்குக்கா?"

"என் மேல எனக்கே ஒரு சந்தேகம்."

டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் மூன்று பேர். அக்கா, ராட்டினம், அக்காவின் கணவர். ராட்டினத்தை யாரும் கூப்பிடவில்லை. "நான் வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்து இயந்திரத்தைத் துடைத்தார். கணவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தார். நேரம் குறிப்பது அவர் வேலை. அக்கா இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, வலது கையால் மெல்லிய குழல் ஊசியை ஏற்றினார். தையல்காரர் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷமா ஊசி புடிக்கற ஆளு. இதப் பாக்க முடியலயா உங்களுக்கு?"

"துணிக்கு ரத்தம் வராதும்மா."

ஏழு மணிக்கு முதல் ரத்தம். பிறகு அதே அளவு க்ரீமை அக்கா மூன்று மடக்கில் குடித்தார். இருபத்து மூன்று வயதில் இரண்டு மடக்கு. எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. சுழற்றிய குழாய்களை ராட்டினம் வரிசையாக மரத் தாங்கியில் செருகினார்.

பன்னிரண்டு மணி வாக்கில் தையல்காரருக்குப் பயம் போய்விட்டது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து குழாய்களுக்கு நேராக உட்கார்ந்தார். வெள்ளையில் எத்தனை வகை என்று அவருக்குத் தெரியும்.

"இது மஞ்சள். இது பழுப்பு கலந்த வெள்ளை. இதப் பாரு, லைனிங் துணி. அடுத்த ரெண்டும் காலர் துணி."

"இப்ப எடுத்தது?" என்றார் ராட்டினம்.

"பள்ளிக்கூடச் சட்டை. புதுசு."

அது பன்னிரண்டு மணிக் குழாய். க்ரீம் குடித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. இருபத்து மூன்று வயதில் அந்த நேரத்துக்கு மலை ஏறக்குறைய இறங்கி முடிந்திருந்தது. இப்போது உச்சியில் இருந்தது. ஆறு மணி நேரம் கழித்தும் வெள்ளை. எட்டு மணி நேரம் கழித்து, பலகை சொல்கிற கணக்கில், தையல்காரர் குழாயைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் லைனிங்தான்" என்றார். பத்து மணி நேரம் ஆன பிறகுதான் மஞ்சள் ஓரளவு திரும்பியது.

அக்கா பழைய தாளை விரித்து, பழைய கோட்டின் மேலேயே சிவப்புப் பேனாவால் புதிய கோட்டைப் போட்டார். ஒரு சின்ன மேடு. அதைத் தாண்டி ஒரு பெரிய மலை, மெதுவாக, சாய்ந்து சாய்ந்து இறங்குவது.

"ரெண்டும் ஒரே ஆளா?" என்றார் தையல்காரர்.

"ஒரே ஆள்தான்."

"நீ இருபத்து மூணு வயசு அளவுல எல்லாருக்கும் தெச்சுட்டு இருந்திருக்க. நான் ஒரே ஆளுக்கு முப்பது வருஷமாத் தெக்கறேன், ஒவ்வொரு தடவையும் நாடாவ எடுத்துப் புதுசாத்தான் அளப்பேன்."

அக்காவுக்கு அழுகை வந்தது. க்ரீம் டம்ளரைக் கழுவ வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார்.

திங்கட்கிழமை டாக்டர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். சாப்பிட்ட எண்ணெயும் கொழுப்பும் குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும்போது பொடிப் பொடித் துளிகளாக வருகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் அதை உடைத்துத் தசைக்கு அனுப்புகிற ஒரு நொதி இருக்கிறது. மிச்சம் மீதியைக் கல்லீரல் வாரிக்கொள்கிறது. வயதாக ஆக இரண்டு வேலையும் மந்தப்படுகின்றன. அதே சாப்பாடு ரத்தத்தில் அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "படிச்சிருக்கேன். ஆனா இந்த ஜன்னலோட சேத்து நான் யோசிச்சதில்ல" என்றார்.

"வயிறு காலிதான் டாக்டர். ரத்தம்தான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"ஆனா ஒரு ஆள் ரத்தத்த வெச்சு போர்டை மாத்த முடியாதுக்கா. அது மேலிடத்துல இருந்து வந்தது."

"போர்டை விடுங்க. அந்த டிரைவருக்கு இந்த வெள்ளிக்கிழமை கடைசித் தவணை. பதினாலு மணி நேரம் பட்டினி இருந்துட்டு வரணும்னு நீங்க எழுதிக் கொடுக்கலாம். அது உங்க கையிலதான் இருக்கு."

"எழுதலாம்."

"அப்புறம், அவரோட ரெண்டு சீட்டுலயும் நான் போட்ட முத்திரையக் கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல தவறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்."

டாக்டர் பேனாவை வைத்தார். "அப்படிச் செஞ்சா நம்ம கூடம் தப்பு பண்ணிச்சுன்னு ஆயிடும்."

"நம்ம இல்ல. நான்."

"சரி, பதினாலு மணி நேரம் கழிச்சும் பால் வந்தா?"

"வந்தா அது அவர் ரத்தத்தோட வியாதி. வைத்தியம் பாருங்க. பொய்யன்னு சொல்ல முடியாது."

அது உண்மைதான். ஆனால் அப்படி வந்தால் கோப்பில் எழுதப்போவது வைத்தியத்தைப் பற்றி அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஓட்டுநரைப் போனில் பிடித்தார்கள். பரிசோதனைக் கூடம் என்றதும் அவர் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவேயில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை வேலை முடிந்ததும் அக்கா ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் போய் நின்றார். இரண்டு பேருந்துகளை விட்டார். மூன்றாவதில் அவர் இருந்தார்.

கண்டக்டருக்கு அக்காவைத் தெரியும். "அக்கா, ஊசி எடுத்துட்டு வந்துட்டீங்களா? இங்க மிச்சச் சில்லறைக்குத்தான் கைய நீட்டுவாங்க, வேற எதுக்கும் நீட்ட மாட்டாங்க."

அக்கா முன்னால் போய், "சார்" என்றார்.

ஓட்டுநர் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே காட்டினார். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருந்தது.

அக்கா வாயை மூடிக்கொண்டு முதல் இருக்கையில் உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்துக்கு நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் ஓட்டுநரின் கைகளைத்தான் பார்த்தார். நிறுத்தம் வருவதற்கு வெகு முன்பே கால் மெல்ல எழும். வண்டி நின்றது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கையில் பாத்திரத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அதில் என்ன இருந்ததோ, ஒரு துளி சிந்தவில்லை. படியில் ஏறுகிறவரின் இரண்டாவது காலும் உள்ளே வந்த பிறகுதான் வண்டி அசைந்தது. கண்ணாடியில் அதை அவர் பார்ப்பதை அக்கா பார்த்தார். இந்த ஆளைக் குடைகளுக்குக் காவல் வைத்தால் நகரத்துக்கு நஷ்டம் என்று நினைத்தார். அதற்குக் காரணம் தன் முத்திரையாக இருக்கும் என்பதையும் நினைத்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க."

அக்கா தாளை நீட்டினார். "இந்தச் சின்ன மேடு என் ரத்தம், இருபத்து மூணு வயசுல. இந்தப் பெரிய மலையும் என் ரத்தம்தான், போன ஞாயித்துக்கிழமை. ரெண்டு தடவையும் ஒரே சாப்பாடு. எட்டு மணி நேரத்துல எனக்கே தெளியல. உங்களுக்கும் தெளிஞ்சிருக்காது. நீங்க பொய் சொல்லல. நான்தான் தப்பாப் படிச்சேன்."

ஓட்டுநர் தாளை ஸ்டியரிங்மேல் விரித்து, வழி பார்ப்பவர் போலக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொன்னீங்க. இப்பக் காலி பஸ்ல வந்து சொல்றீங்க."

"நான் இருக்கேன்ல" என்றார் கண்டக்டர் பின்னாலிருந்து.

"நீ சும்மா இரு."

"வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வாங்க" என்றார் அக்கா. "க்யூ இருக்கும்."

ஓட்டுநர் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு டிப்போவுல சாப்பிட்டுருங்க. எண்ணெய் இல்லாம. அப்புறம் தண்ணி மட்டும்தான்."

"பத்தரைக்கு மேல வீட்டுக்குப் போறேனே. அவ மீன் பொரிச்சு வெச்சிருப்பா. மூக்கு சும்மா இருக்குமா?"

"மூக்கால எவ்வளவு வேணா சாப்பிடுங்க. ரத்தத்துல தெரியாது."

கண்டக்டர் பையைத் தட்டிச் சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வரிசையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஓட்டுநர் ஏழாவது ஆள். சலவைச் சட்டை போட்டு, விண்ணப்பத்தை உறையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா தன் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தார். அந்த நேரத்தில் அவர் வெளியே வருவதில்லை என்பதால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இந்த சார் ரெண்டு தடவை பட்டினியாத்தான் வந்தாரு. சாப்பிட்டுட்டு வந்தாருன்னு நான் முத்திரை போட்டுட்டேன். இதே எடத்துல நின்னு அவரைப் பொய் சொல்றீங்கன்னும் சொன்னேன். தப்பு அவரோடது இல்ல. என்னோடது."

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப போன மாசம் எனக்கும் போட்டீங்களே?" என்றார்.

"உங்க வயசு?"

"அறுபத்து மூணு."

"உக்காருங்க. உங்களதும் பாக்கறேன்."

"எனக்கும்தான் போட்டீங்க" என்றார் சுவரோரம் நின்ற இன்னொருவர். "ஆனா நான் நெஜமாவே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

வரிசை முழுவதும் சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார்.

அவர் முறை வந்தபோது அக்கா மோதிர விரலால் நரம்பைத் தேடிக்கொண்டே, "உங்க பஸ்ல மொத்தம் எத்தனை படி சார்?" என்றார்.

"முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு. என் கண்ணு இங்கதான் இருக்கு. ரோட்டப் பாக்காம நான் பேசறதில்ல."

ஊசி உள்ளே போவதை அவர் இமைக்காமல் பார்த்தார். குழாய் நிறைந்தது. வழக்கமாக ஆளை வெளியே உட்காரச் சொல்வார்கள். அக்கா அவரை உள்ளே கூட்டிப் போனார். ராட்டினம் குழாயை வாங்கி இயந்திரத்தில் வைத்து மூடியை இறக்கினார். அது முனகி, வேகம் பிடித்து, ஒரே சுருதியில் நின்றது.

பத்து நிமிடம். அறையில் உட்கார இடமில்லை. மூன்று பேரும் நின்றார்கள். ஓட்டுநர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பேரிங் போகப் போகுது இதுல."

"மூணு மாசமா எழுதிப் போட்டுட்டு இருக்கேன் சார்" என்றார் ராட்டினம். "யாரும் நம்பல."

"இப்ப நான் கையெழுத்துப் போடறேன், எழுதிக்கோங்க."

அக்கா சிரிக்க முயன்றார். முடியவில்லை. தான் நம்பியது ஒரே ஒரு ரத்தம், தன்னுடையது. இந்த ஆளின் ரத்தம் எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியாது. பதினான்கு மணி நேரம் போதாத ரத்தமும் இருக்கிறது. வெளுத்து வந்தால், வரிசைக்கு முன்னால் சொன்னதெல்லாம் இருக்கட்டும், இவர் பகல் முழுவதும் குடைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சத்தம் இறங்கி நின்றது. ராட்டினம் மூடியைத் திறந்தார். குழாயை எடுத்தார், பார்க்காமலே அக்காவிடம் கொடுத்தார்.

மஞ்சள். முழுத் தெளிவு இல்லை. லேசாக, கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல். அக்கா ஓட்டுநரின் உறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். அச்செழுத்தின்மேல் குழாயைப் பிடித்தார். எழுத்து தெரிந்தால் இயந்திரம் ஏற்கும். தெரியாவிட்டால் ஏற்காது.

"படிங்க சார்" என்றார்.

ஓட்டுநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பெயர்" என்று படித்தார். குழாயை அக்கா நகர்த்தினார். "பணி." இன்னும் நகர்த்தினார். "ஓட்டுநர்."

"அது போதும்" என்று ராட்டினம் குழாயை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் எண்கள் வந்தன. சர்க்கரை, உப்பு, ஈரல் எல்லாம் சரியாக இருந்தன. கொழுப்பு மட்டும் பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகும் இருக்க வேண்டியதற்கு மேலேதான் நின்றது. டாக்டர் மாத்திரை எழுதினார். இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சான்றிதழில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தார். மணி ஒன்பதாகியிருந்தது. முந்தைய நாள் ஐந்து மணிக்குச் சாப்பிட்டவர்.

"இப்பச் சாப்பிடலாமாக்கா?"

"அக்காவா? ஒரு வயசுதான் வித்தியாசம்."

"ஒரு வயசுன்னாலும் மூத்தவங்கதானே. சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க. எண்ணெயக் கொறச்சு."

"கொறைக்கலன்னா தெரிஞ்சிருமா?"

"தெரியும். எவ்வளவு நேரத்துக்குத் தெரியும்கறதுதான் ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லிவிட்டு அக்கா எட்டிப் பார்த்து, அறுபத்து மூன்று வயதுக்காரரைக் கூப்பிட்டார். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று அக்கா கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.